செருப்பைக் கழற்றும் இடங்கள்: குதிகால் வலியோடு தி.நகர், அடையாறு, மயிலாப்பூர்

இந்த வலைப்பூவில் இதுவரை தூரத்து ஊர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அன்று இரவுக்குள் வீடு திரும்பிய கதை. போக வர மொத்தமே முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள், காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலில் ஆணி இறங்கியது போல வலித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போன அனுபவம் இல்லாதவர்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். மற்றவர்கள் வாருங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் நித்யாவுக்கு வரும் தை மாதம் கல்யாணம். அவளுக்கு பெங்களூரில் வேலை. முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டில் எடுக்கிறார்கள். பெண் அழைப்புக்கான பட்டு எங்கள் பொறுப்பு. அம்மாவும் பெண்ணுமாகப் போய் அதை எடுக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே ஆசை. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம், பாதியில் திரும்பினோம்.

நல்ல காரியம் என்றால் முதலில் கோயில், பிறகுதான் கடை. நம் வீடுகளில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகப் போகும். அப்படித்தான் அன்றும் முதலில் மயிலாப்பூர் போனோம். பத்து மணி வெயில் ஏறிய கல்லில் வெறுங்காலோடு மூன்று சுற்று. இரண்டாவது சுற்றிலேயே எனக்கு உயிர் போனது. "வலிக்குதாம்மா?" என்று நித்யா கேட்கக் கேட்க, "இல்லடி, நீ வேண்டிக்கோ" என்றேன். அங்கிருந்து தி.நகர் போய் ஆட்டோவை விட்டு இறங்கினால் வலது காலை ஊன்றவே முடியவில்லை. பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க அழுதேன். வலி பாதி, வெட்கம் பாதி.

நித்யாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எத்தனை வாட்டி கேட்டேன்? ஒரு வாட்டியாவது உண்மையைச் சொன்னியா? இன்னொரு தடவை நீ மறைச்சேன்னு தெரிஞ்சா, கல்யாணத்தன்னிக்கு உன்னை முதல் வரிசையில நாற்காலி போட்டு உக்கார வெச்சிடுவேன். மேடைப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் அவள் பக்கத்தில் நிற்காமல், விருந்தாளி மாதிரி கீழே உட்கார்ந்து பார்ப்பதா? அந்த பயம்தான் என்னை ஒழுங்காக வைத்தியம் பார்க்க வைத்தது.

அதுவரை நான் பார்த்ததெல்லாம் அக்கம்பக்கத்து வைத்தியம். செங்கல்லைச் சுட வைத்து, அதன் மேல் எருக்க இலையைப் போட்டு, குதிகாலை வைத்து வைத்து எடுப்பது. சும்மா சொல்லக் கூடாது, செய்யும்போது சுகமாகத்தான் இருந்தது. காலையில் எழுந்தால் வலி இருந்த இடத்தில் இருந்தது. பிறகு எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் ஓடும் சவ்வு அழற்சி கண்டிருக்கிறது, ஊசியெல்லாம் இப்போது வேண்டாம், வீட்டிலேயே சரி செய்யலாம் என்று சொல்லி, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தவை எல்லாம் எளிமையானவைதான். கட்டிலை விட்டு இறங்கும் முன் உட்கார்ந்தபடியே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, விரல்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பது. சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் கெண்டைக்கால் சதையை நீட்டுவது. ராத்திரி டிவி பார்க்கும்போது, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் போட்டு உருட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்வது. எல்லாம் செய்தேன். ஒரு மாதம் ஆகியும் பெரிய முன்னேற்றம் இல்லை. அந்தப் பெண்ணே குழம்பிப்போய் விசாரித்தாள்.

"ஆன்ட்டி, வீட்டுல செருப்பு போட்டுக்கிறீங்கதானே?"

"போட்டுக்கிறேனே. எப்பவும் கால்லதான் இருக்கு."

"சமைக்கும்போதும்?"

"சமையல்கட்டுலயா? அங்க எப்படிம்மா செருப்பு போட்டுக்க முடியும்?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு செய்து கொடுக்கும் தொழில் செய்பவள். விடியற்காலையிலிருந்து பதினொரு மணி வரை நான் நிற்பது சமையல்கட்டில், அதுவும் கல்லு மாதிரி இருக்கும் டைல்ஸ் தரையில். டிவி பார்க்கவும் பேப்பர் படிக்கவும் செருப்பு. நிற்க வேண்டிய இடத்தில் வாசற்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்கால். யாரும் கழற்றச் சொல்லவில்லை, நான் கழற்றுகிறேன் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாசலைத் தாண்டாத புதுச் செருப்பு ஒன்று வாங்கி, கழுவி, சமையல்கட்டுக்கென்றே வைத்தேன். எங்கள் வீட்டில் சாமி அலமாரியும் அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் செருப்புக் காலோடு உள்ளே நுழைந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் கணவர் காபியைக் குடித்தபடி, "சாமி என்ன, உன் காலையா பாத்துட்டிருக்கு? சாம்பார்ல உப்பு இருக்கான்னு பாக்கும்" என்றார். அடுப்புப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்றும் வந்தது. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் அதில் உட்கார்ந்தபடி. அடுத்த சில வாரங்களில் ஆணி முள்ளானது. முழுக்கப் போகவில்லை, ஆனால் மனிதர்களோடு சிரித்துப் பேச முடிந்தது.

கார்த்திகையில், தீபாவளிக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, மறுபடி கிளம்பினோம். இந்த முறை வரிசையை மாற்றினேன். கடை முதலில், கோயில் கடைசியில். சாமி காத்திருக்கும், குதிகால் காத்திருக்காது.

காலை ஒன்பதரைக்கு ஆட்டோ. ஆதம்பாக்கத்திலிருந்து தி.நகருக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர், இருநூற்று இருபது ரூபாய். நான் ஏறிய விதத்தைப் பார்த்தே ஓட்டுநர் கேட்டுவிட்டார்.

"இன்னா ம்மா, கால்ல அடியா?"

"குதிகால் வலிப்பா."

"அய்ய, எனுக்கும் கீது ம்மா. காலைல எந்திரிச்சா தரைல கால வைக்க முடில. அப்பால நடக்க நடக்க சரியாப் பூடுது. அதான் நானும் வுட்டுட்டேன்."

குதிகால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், சென்னையில் பாதிப் பேர் தங்கள் காலைத் தூக்கிக் காட்டுவார்கள். கிண்டி வரும் வரை துண்டு வைத்தியத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் தெரு முனையில் இறக்கிவிடாமல், பின்னால் ஹாரன் அடித்தவர்களை எல்லாம் பொருட்படுத்தாமல் கடை வாசலிலேயே நிறுத்தினார். "நீ மெதுவா எறங்கு ம்மா, அவனுங்க கத்திக்கினு இருப்பானுங்க."

பட்டுப் பகுதி இரண்டாம் மாடியில், லிஃப்ட் உண்டு. ஆனால் ஜமக்காளம் விரித்த மேடையில் உட்கார்ந்துதான் பட்டு பார்க்க வேண்டும், செருப்பை முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். இதற்கு நான் வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். மருந்துக்கடையில் ஜோடி முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிலிக்கான் குதிகால் மெத்தையைச் செருப்புக்குள் வைக்காமல் காலுறைக்குள் வைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றினாலும் மெத்தை காலோடு இருக்கும். பட்டுப்புடவைக்கு அடியில் சாம்பல் நிறக் காலுறை பார்க்க லட்சணமாகவா இருக்கும்? இருக்கட்டும்.

புடவைகளை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம், தென்காசிப் பக்கம். என் காலுறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கும் குதிகாலாக்கா? எனக்கு ரெண்டு மாசமா இருக்கு, பாத்துக்கிடுங்க. நாள் பூரா நின்னுட்டு ராத்திரி ரூமுக்குப் போனா அழுகைதான் வருது" என்றாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. பையில் வைத்திருந்த இன்னொரு ஜோடி மெத்தையை அவள் கையில் திணித்தேன். அவள் வேண்டாம் என்று மறுத்து, பிறகு சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் வாங்கி ரவிக்கைத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு அவள் எடுத்துப் போட்ட புடவைகள் வேறு தினுசாக இருந்தன. அரக்கில் மாம்பழ மஞ்சள் பார்டர் ஒன்றை நித்யா தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். வேறு எதையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மணிக்கு அடையாறு, ஆறு கிலோமீட்டர், நூற்று அறுபது ரூபாய். அங்கே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. ரவிக்கை தைப்பவர் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முன்பென்றால் ஏறியிருப்பேன். நித்யாவை மட்டும் அனுப்பிவிட்டுக் கீழே ஜூஸ் கடையில் உட்கார்ந்து, கெண்டைக்காலை நீட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து எவ்வளவு இறக்கம் என்று நான் சொல்ல முடியாமல் போனதில் அவளுக்கும் நிம்மதிதான்.

நாலரைக்கு மயிலாப்பூர். ஐந்து கிலோமீட்டர், நூற்று நாற்பது ரூபாய். வெயில் இறங்கி, கல் சூடு தணிந்திருந்தது. காலுறையோடு உள்ளே போனேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. புடவைப் பையை அர்ச்சகரிடம் கொடுத்து, அம்மன் காலடியில் வைத்து வாங்கினோம். பிறகு சுற்ற ஆரம்பித்தோம். முதல் சுற்று நன்றாக முடிந்தது. இரண்டாவதில் பாதி தூரம் போனபோது அந்த முள் குத்த ஆரம்பித்தது. நித்யா கேட்கவில்லை. ஆவணிக்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டிருந்தாள். கேட்காதபோது சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கல்யாணத்தில் நாற்காலி என்றாளே, சொன்னாலும் அதே நாற்காலிதானோ என்றும் ஒரு கலக்கம். நாலடி நடந்து, நின்று, "நித்யா, வலிக்குதுடி" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்து மண்டபத்து ஓரமாக உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நீ போய் முடிச்சிட்டு வாயேன்" என்றேன். "ஒண்ணரை சுத்து போதும்மா, சாமி மீதியைத் தள்ளுபடி பண்ணிக்கும்" என்றாள். நாங்கள் அரை மணி நேரம் புடவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வீடு திரும்ப பதினொரு கிலோமீட்டர், இருநூற்று எண்பது ரூபாய். ஏழரைக்கு வீட்டில் இருந்தோம்.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கல்லும் டைல்ஸும் இருக்கும் இடங்களை நாளின் கடைசிக்குத் தள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் எது எது என்று வீட்டிலேயே யோசித்து, மெத்தையைக் காலுறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் சிக்கனம் பார்க்க வேண்டாம், பார்த்தால் அதைவிடக் கூடுதலாக மருத்துவருக்குப் போகும். அன்றைக்கு வலி இல்லை என்று இன்னொரு கடை ஏறாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. மரத்துப்போவது, வீக்கம், காய்ச்சல் என்று எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள். உங்கள் வீட்டுச் சமையல்கட்டில் உங்கள் காலில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

இந்த வலியின் குணம் உங்களுக்குத் தெரியும். போன பயணம் நல்லபடியாக முடிந்ததா என்பது அன்று தெரியாது, மறுநாள் முதல் அடியில்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கண் விழித்தபோது நித்யா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் துண்டை எடுத்துப் பாதத்தில் மாட்டி இழுத்தேன். செருப்பை மாட்டினேன். இறங்கி, காலை ஊன்றி, எழுந்து நின்றேன்.

"வலிக்குதாம்மா?" மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்டாள்.

"கொஞ்சம்."

"எவ்ளோ கொஞ்சம்?"

"உனக்குக் காபி போடலாம். உன் பக்கத்துல முகூர்த்தம் முடியற வரைக்கும் நிக்கலாம். அதுக்கு மேல முடியாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அவ்ளோ போதும்மா. முகூர்த்தம் முடிஞ்சதும் நானே நாற்காலி கொண்டாந்து மேடையில போடறேன்."