இல்லாத பிரேக்

அன்று அந்த வளைவில் இருந்தவர்கள் மூன்று பேர், ஒரு நாய். வண்டியை ஓட்டிய நான். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த எஸ்டேட் முதலாளி. விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா. அந்த அம்மாவின் பின்னாலேயே வந்த நாய். எங்களைத் தூக்கிய லாரிக்காரர்கள் அப்புறம் வந்தவர்கள், அவர்களை நான் சேர்க்கவில்லை. இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாட்களில் மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்க நின்றால், "நான் கண்ணால பாத்தனுங்க" என்று ஆரம்பிக்காத ஆளில்லை. அவர்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் நான் வண்டியைத் திருப்ப ரோட்டில் இடமே இருந்திருக்காது.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். சேலத்துக்கு மேலே மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் டிரைவர். சேர்த்தது ஜீப்புக்குத்தான். ஆனால் முதலாளியிடம் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. மலையை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. இரண்டே சீட். மேலே துணிக்கூரை, அதையும் மடித்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். தரையோடு தரையாக உட்கார வேண்டும். எதிரே பஸ் வந்தால் அதன் சக்கரம்தான் நம் கண்ணுக்கு நேரே தெரியும். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, வயது ஐம்பத்தைந்துக்கு மேல், கண்ணும் கொஞ்சம் மங்கல். அதனால் ஓட்டுவது நான், ரசிப்பது அவர்.

சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பனி அப்போதுதான் விலகியிருந்தது. "கண்ணு, நியூட்ரல் போட்டு ஆஃப் பண்ணு. காத்துச் சத்தம் மட்டும் கேக்கட்டும்" என்றார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க மலையில் எல்லா டிரைவரும் செய்கிற வேலைதான் அது. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும் எல்லா டிரைவருக்கும் தெரியும். போட்டேன். சில வளைவுகள் தாண்டியதும் பிரேக் சூடேறிவிட்டது. மிதித்தால் கால் தரை வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. அந்த அம்மாவுக்கும் நாய்க்கும் ஒரு கீறலும் இல்லை. அந்த அம்மாவைக் காப்பாற்றத்தான் வண்டியை ஒடித்தேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படி யோசிக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கவில்லை. சுவரை இடித்துக் கவிழ்ந்து, பத்தடி கீழே ஒரு சில்வர் ஓக் மரத்தில் மாட்டி நின்றோம்.

எனக்கு வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. அவருக்குத் தோள் எலும்பும் விலாவும். முதலில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் லாரிக்காரர்கள் கொண்டுபோனார்கள். முதலாளி ஸ்டிரெச்சரில் படுத்தபடியே, "என் டிரைவரையும் நான் போற எடத்துக்கே கொண்டாங்க" என்று சொல்லி, இருவரையும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றவைத்தார். அங்கே என் தொடைக்குள் நீளமாக ஒரு ஸ்டீல் கம்பியை இறக்கினார்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டாக்டர்கள் தங்களுக்குள் பேசுவதில் பாதி புரியாது. அந்தப் பாதிக்கு நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வேன், அது எப்போதும் மோசமான அர்த்தமாகவே இருக்கும். தலையை ஆட்டினால் காலை எடுக்கப் போகிறார்கள். சிரித்தால் காலை எடுப்பதை என்னிடம் மறைக்கிறார்கள். கம்பி உள்ளே போன பிறகு வேறு கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் மலையில் ஆணி அடித்தால் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

"ஏனுங்க, உள்ள கம்பி துருப் புடிக்காதுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"பிடிக்காதுப்பா. இது வேற ஸ்டீல்."

"எங்கூரு நொம்ப ஈரமுங்க."

அவர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். நான் நம்பவில்லை.

முதலாளி நேர் எதிர். விலா ஒட்டுவதற்குள்ளேயே தள்ளுநாற்காலியில் என் வார்டுக்கு வந்துவிடுவார்.

"ஏப்பா, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவலையாமா. மெக்கானிக் பாத்துட்டு வந்து சொல்றான்."

"சரிங்க."

"மட்கார்டு, ரேடியேட்டரு, முன் கண்ணாடி. அவ்வளவுதான். பம்பாய்ல கெடைக்குமாம்."

"சரிங்க."

"என்னப்பா, சந்தோசமே இல்லையா உனக்கு?"

"கால் வலிக்குதுங்க."

"எனக்குந்தான் மூச்சு உட்டா வலிக்குது. அதுக்காக மொகத்த இப்படியா வெச்சுக்குவாங்க?"

யார் தவறு என்ற பேச்சே அவரிடம் இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நாந்தான் நியூட்ரல் போடச் சொன்னேன்" என்று ஏதோ பந்தயத்தில் தோற்றவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். என் மனைவிதான் ஒருநாள், அவர் போன பிறகு, "அவரு சொல்லுவாரு. சொன்னா நீங்க போட்டுருவீங்களா?" என்று கேட்டாள். ஆரஞ்சு உரித்துக் கையில் கொடுத்தாள், தின்றேன்.

திரும்ப மலைக்கு வந்தது ஜீப்பில். பின்னால் பலகை போட்டு மெத்தை விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். தற்காலிகமாகச் சேர்ந்திருந்த டிரைவர் ஓட்டினான், நல்ல நிதானக்காரன். ஏற்றம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் வளைவு வந்ததும் என் வலது கால் தானாக விறைத்துக்கொண்டு பலகையை மிதித்தது. இரண்டாவது வளைவிலும். வேண்டாம் என்று நானே அதட்டினாலும் கேட்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, வண்டிய யாரு ஓட்டறது?"

"அந்தத் தம்பிதான்."

"அப்பறம் நீங்க என்னத்த மிதிக்கறீங்க?"

"நான் எங்க மிதிக்கறேன், அது மிதிக்குது."

மேலே வந்து சேர்ந்தபோது தையல் ஒரு பக்கம் பிரிந்து கட்டு நனைந்திருந்தது.

அதற்கப்புறம் படுக்கை. எஸ்டேட் லயனில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், எங்களுடையது கடைசி வீடு. ஆனி மாதத்திலிருந்து மழை, பனி, மறுபடி மழை. ஈரத்துணி காய்வதற்கு இடமில்லாமல் என் கட்டிலுக்கு மேலேயே கொடி கட்டியிருந்தது. நாளெல்லாம் புடவை முந்தானையையும் பாவாடை நாடாவையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மனைவி காலையில் காபித் தோட்டத்துக்குப் போய்விடுவாள். மத்தியானம் ஓடிவந்து என்னைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி போவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் எனக்காக ஜெபிக்கச் சொன்னார். பூசை முடிந்து வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாக ஆட்டுக்கால் கொண்டுவந்தார்கள். சூப்பு குடித்துக் குடித்து, ஆடு கத்துகிற சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன்.

தூக்கத்திலும் கால் மிதித்தது. அசைக்காமல் வைத்தால்தான் எலும்பு கூடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனைவி ஒரு பழைய புடவையைக் கிழித்து என் பாதத்தைக் கட்டில் காலோடு கட்டிவைத்தாள். பகலில் யாராவது வந்தால், "மாட்டக் கட்டற மாதிரி கட்டிப்போட்டிருக்கியே" என்று கேலி செய்வார்கள். "மாடா இருந்தா சொன்னாக் கேக்குமுங்க" என்பாள்.

முதலாளி வாரம் தவறாமல் வந்தார். சரிவான பாதையில் தடியை ஊன்றி இறங்கி வந்து, முக்காலியில் உட்கார்ந்து, வண்டியின் சேதி சொல்வார். கோணிப்போன அடிச்சட்டத்தை நிமிர்த்தியாகிவிட்டது. மட்கார்டு வந்துவிட்டது, ஆனால் நிறம் ஒத்துவரவில்லை. பிரேக் முழுசாகப் புதிது, இனி கவலையே இல்லை. நானும் அந்த வண்டியும் ஒரே மாதிரி தேறிக்கொண்டிருப்பதாக அவருக்கு நினைப்பு. "உனக்குக் கம்பி போட்டாங்க, அதுக்கு ரேடியேட்டரு போட்டாங்க" என்பார். வண்டி தயாரானதும் நான் ஓட்டுவேனா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அது அவருக்குப் படவில்லை.

எனக்கு வேறு யோசனையே இல்லை. அந்த வண்டி எழுந்து வருகிற நாளில் நான் அதற்குள் உட்கார்ந்தாக வேண்டும். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர் கொடுத்தது. படுத்துக்கிடந்த மாதங்களுக்கும் பாதிச் சம்பளம் வந்தது. தொடைக்குள் கிடக்கிற கம்பி அவர் காசு. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரிடமே வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? என் கால் சீக்கிரம் கூட வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டது. நான் மட்டும், மெதுவாகக் கூடட்டும், வண்டிக்கு முந்திக்கொண்டு கூடிவிட வேண்டாம் என்று கிடந்தேன். அலுப்பாக இருந்தது. வலியைவிட இந்த நினைப்புதான் உடம்பை அடித்துப்போட்டது.

கால் கூடிவிட்டது. கக்கத்துக் கட்டையை விட்டேன், தடிக்கு வந்தேன், தடியையும் விட்டேன். சற்றுக் குட்டையாகிப்போனதால் சாய்ந்து நடந்தேன், அவ்வளவுதான். கோடைமழை பெய்து காபிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்த ஒரு ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. கேட்டதும் கால் தரையை மிதித்தது.

மெக்கானிக் ஓட்டிவந்தான். முதலாளி இடப்பக்கம். மெக்கானிக் இறங்கி எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"வா கண்ணு, உக்காரு. ஒண்டிக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம். பெரிய இறக்கமே இல்ல."

"கால் இன்னும் சரியாவலீங்க."

"ஆயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரே. கேட்டுட்டுத்தான் வர்றேன்."

மனைவி வாசலுக்கு வந்தாள். "காலுக்கு ஆயிடுச்சுங்க முதலாளி. ஆளுக்குத்தான் இன்னும் ஆவல."

"உக்காந்தா எல்லாம் போயிரும்மா."

"தூங்கறப்ப ஒரு நாளு அந்தக் காலப் புடிச்சுப் பாருங்க, போவுமா போவாதான்னு தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். வேறு வழியில்லை. "நான் இதுல இனி உக்காரலீங்க" என்றேன்.

"பயமா?"

"ஆமாங்க."

"எனக்கில்லையே. நானுந்தான அதுல இருந்தேன்?"

"நீங்க இடப்பக்கமுங்க. உங்களுக்கு மிதிக்க ஒண்ணுமில்ல."

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வருசமா உன்னையும் இதையும் ஒண்ணாத்தான பாத்துக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபின் என் மனம் இளகியது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தால் நான் போய் ஏறியிருப்பேன். அந்தப் பயத்தில்தான் வாய் முந்திக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக் காசை நான் கட்டீர்றனுங்க."

"எதுக்கு? நான் கேட்டனா?"

"கேக்கலீங்க. இருந்தாலும் கட்டீர்றன்."

"மூவாயிரத்து எண்ணூறு ரூவா. எப்பக் கட்டுவ?"

"மாசம் முப்பது சம்பளத்துல புடிச்சுக்குங்க."

"அதுக்குள்ள நான் செத்துருவேன்டா."

"இருங்க முதலாளி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சரி, புடிச்சுக்கறேன்" என்றார். மெக்கானிக் மறுபடி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினான். அது சாலைக்கு ஏறும் வரைக்கும் நான் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்ப் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். அப்படியொரு தூக்கம் அந்த வருடத்தில் வந்ததில்லை. அன்றுதான் முதல் தடவையாக மனைவி காலைக் கட்டவில்லை.

என்னைக் காபிக் களத்துக்கு மாற்றினார்கள். பழம் காயப்போடுவது, கிளறுவது, மழை வந்தால் மூடுவது. சம்பளம் டிரைவர் சம்பளத்தைவிடக் குறைவு, அதிலும் முப்பது போய்விடும். மனைவி மளிகைச் செலவில் கைவைத்தாள். முதலாளி சில மாதம் என் முகத்தைப் பார்க்காமலே சம்பளம் கொடுத்தார். சேலத்திலிருந்து வேறு ஆளைப் பிடித்து வண்டியில் போய்வந்தார். பிறகு பழைய மாதிரி பேச ஆரம்பித்தார். "முப்பதைப் புடிச்சுட்டேன், கால் உன்னுதாயிட்டு வருது" என்று சம்பள நாளில் கிண்டல் செய்வார். எல்லா மாதமும் பிடிக்கவில்லை. என் மகள் பிறந்தபோதும், காய்ச்சலில் கிடந்தபோதும் அவராகவே விட்டுவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்குத் தங்கை வீட்டோடு போனார். வண்டியை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கிளம்பும்போது, "மிச்சத்த உட்டுரு கண்ணு" என்றார்.

"வேண்டாங்க. விலாசம் குடுங்க."

"பிடிவாதக்காரன்" என்று சொல்லி, விலாசத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு மணியார்டர் அனுப்பினேன். மூன்றாவது, பெற்றுக்கொள்பவர் காலமானார் என்று திரும்பி வந்தது. தங்கைக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. நான் கொடுக்க வேண்டிய பாக்கி ஆயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.