பன்னிரண்டு என்றால் பாதி

வண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த மைதானத்தில் "மீட்டரம்மா எங்கே?" என்று கேட்டால் போதும், யாராக இருந்தாலும் கை காட்டுவார்கள். அவள் தொழில் தையல். ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான புருஷனோடு, கட்டிலும் அடுப்பும் ஃப்ரிட்ஜும் உள்ளேயே இருக்கிற ஒரு வண்டியில்தான் குடித்தனம். கூரையில் இருக்கும் சோலார் தகடு வெயிலில் பேட்டரியை நிரப்பும்; அதில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட அடுப்புக்கு மேலே ஒரு வோல்ட் மீட்டர் இருக்கிறது. அதைப் பார்க்காமல் அவள் ஒரு விளக்கைக்கூடப் போட மாட்டாள். பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் புருஷன்தான்.

சும்மா வந்த பழக்கமா அது? பட்ட பாடு! முதல் வருஷம் ஒருநாள் மீட்டர் பன்னிரண்டு காட்டியது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பன்னிரண்டு காட்டினால் நிறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இரண்டு பேரும் ஜம்மென்று தூங்கினார்கள். விடிந்தால் ஃப்ரிட்ஜ் செத்துக் கிடந்தது. உள்ளே இருந்த அவருடைய இன்சுலின் அத்தனையும் வெக்கையில் வீணாகிக் குப்பைக்குப் போனது. பன்னிரண்டு என்றால் பாதி, பன்னிரண்டே முக்காலை ஒட்டி நின்றால்தான் முழுசு என்பது அப்புறம்தான் தெரிந்தது. மகள் போனிலேயே கத்தித் தீர்த்தாள்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அப்பாவ நான் கூட்டிட்டு வந்துடுவேன். பேச்சே கிடையாது."

அன்றைக்குப் பிடித்த வைராக்கியம். வெயில் ஏறினால்தான் தையல் மெஷின் ஓடும். மேகம் கூடினால் கைத்தையல். டிரைவர் முணுமுணுத்தால் ஒரு முறைப்பு, அவ்வளவுதான்.

இப்போது மகள் நேரிலேயே வந்துவிட்டாள். வானமும் வேளை பார்த்து மூன்று நாளாக மூடிக்கிடந்தது. மகள் வந்த சந்தோஷத்தில் டிரைவர் மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் வைத்தார். மகள் தலையைத் தூக்கி மீட்டரைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால்!

"பாதிக்கும் கீழ போயிடுச்சேம்மா! இன்சுலின என் ஐஸ் பையில எடுத்து வைக்கிறேன். அப்பா, கிளம்புங்க."

டிரைவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏதாச்சும் சொல்லேன்" என்று மனைவியைப் பார்த்தார்.

மீட்டரம்மா மீட்டரைப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலையும் பார்த்தாள்.

"கெட்டில நிறுத்துங்க. லைட், பம்ப், ஃப்ரிட்ஜ், எல்லாத்தையும் நிறுத்துங்க."

"ஃப்ரிட்ஜையுமா? உனக்கென்ன பைத்தியமாம்மா?"

"கதவத் திறக்காம இருந்தா கொஞ்ச நேரத்துல ஒண்ணும் ஆகாது. கெட்டில் கரண்ட இழுக்கிறப்ப மீட்டர் குறைச்சுத்தான் காட்டும். மூட்டையத் தூக்கிட்டு மாடி ஏறுறவன்கிட்டப் போய் உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பியாடி? இறக்கி வெச்சு உக்காரட்டும். அப்புறம் கேளு."

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூவரும் மீட்டரையே பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மீட்டர் பன்னிரண்டைத் தொட்டது. மகள் அசையவில்லை. பன்னிரண்டு புள்ளி இரண்டு. டிரைவர் மூச்சுவிடக்கூட யோசித்தார். அடம்பிடித்து அடம்பிடித்துப் புள்ளி நான்குக்கு ஏறி அங்கேயே நின்றது.

"முக்கால் பங்கு இருக்கு" என்றாள் மீட்டரம்மா. எழுந்து போய் ஃப்ரிட்ஜை மறுபடி ஓடவிட்டாள்.

மகள் விடவில்லை. "சரி, நாளைக்கும் வெயில் வரலன்னா?"

"வண்டிய எடுத்து ஓட்டுவோம், ஓட ஓட இஞ்சின் சார்ஜ் ஏத்தும். அதுவும் பத்தலன்னா கரண்ட் குடுக்கிற இடத்துல போய் நிப்போம். என் மெஷின் நிக்கும், விளக்கு நிக்கும், உங்கப்பாவோட டிவியும் நிக்கும். ஃப்ரிட்ஜ் மட்டும் நிக்காது. முதல் வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஊசி மருந்து வீணானதில்ல, தெரியுமா உனக்கு?"

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

அதற்குள் மகளின் போன் அடித்தது. மறுமுனையில் மாப்பிள்ளை. ஏற்கெனவே பேசி வைத்தபடி எத்தனை மணிக்குக் காரோடு வரட்டும், மாமாவின் பெட்டிகள் எத்தனை என்று அவர் கேட்பது வெளியே வரைக்கும் கேட்டது. மகள் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"வேணாங்க. அப்பா வரல" என்றாள். "அம்மா பாத்துக்கிறாங்க."