பூவிலேயே அடிக்கும் மருந்து

என் அக்கா புருஷனுக்கு அவர் வேலை பார்க்கிற குடியிருப்பில் பெயரே மருந்துக்காரர்தான். வைத்தியர் இல்லை, தோட்டக்காரர். வாசலிலிருந்து கடைசிக் கட்டடம் வரை நடைபாதையின் இரண்டு பக்கமும் நிற்கிற மரங்களைக் காய்க்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முக்கிய வேலை. நிழலுக்கென்று யாரோ நட்டுவிட்டுப் போன மரங்கள். நிழலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காய்த்தால் போச்சு. கோலிக்குண்டு மாதிரிக் காய்கள் பாதை முழுக்க உருளும். கார் மேல் விழுந்து கறை பிடிக்கும், மழைநீர்க் குழாயை அடைக்கும், சிமெண்டு விரிசலில்கூடக் கன்று முளைக்கும்.

அதனால் வருஷா வருஷம் மாமா பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்தடிப்பார். பூ வாடி உதிரும், பிஞ்சு பிடிக்காது. மொட்டில் அடித்தாலும் பயனில்லை, பிஞ்சு விட்ட பிறகு அடித்தாலும் பயனில்லை. பூவிலேயே அடிக்க வேண்டும். அந்தச் சில நாட்கள் அவர் சோறு தண்ணீர் மறந்து அண்ணாந்தபடியே திரிவார்.

"மேல யாரத் தேடுறீங்க மாமா?" என்று வம்பிழுப்பேன்.

"உனக்கு மாப்பிள்ளை தேடுறேன். உன் வாய்க்குக் கீழ எவனும் கிடைக்கல."

அக்காவுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. முதல் தடவை எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாம் தடவை மாமாவின் அம்மா வாயைத் திறந்தார்.

"பச்சை மரத்தோட வயித்தெரிச்சல் சும்மா விடுமா? பூவுலயே கருக்கிட்டு வர்ற கை. இவன் வீட்டுல எப்படிப் பிஞ்சு நிக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ கறிக்கடைக்காரங்க யாருக்குமே புள்ளை இல்லையா அத்தை?" என்று கேட்டுவிட்டேன். அக்கா என் கையைக் கிள்ளி அடக்கினாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் தடவை உண்டானபோது மரங்கள் மொட்டு விட்டிருந்தன.

"ஏங்க, இந்த ஒரு வருஷம் மட்டும் அடிக்காதீங்க."

"நீயுமா? நீயாவது இதெல்லாம் நம்பமாட்டேன்னு நெனச்சேன்."

"நம்பலங்க. ஆனா பயமா இருக்கு."

மாமா பூ விரிந்ததும் பம்பில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய், வாட்ச்மேன் பார்க்க, குடியிருப்புச் சங்கச் செயலாளர் பார்க்க, ஒரு மரம் விடாமல் அடித்தார். கையுறை, முகமூடி எதற்கும் குறைவில்லை. தண்ணீருக்குப் பயந்து முகமூடி போட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மரங்கள் காய்த்தன. அத்தனை வருஷம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்துக் காய்த்தன. மாமா விடிவதற்கு முன்பே போய்ப் பெருக்குவார், திரும்பிப் பார்த்தால் மறுபடி கொட்டிக் கிடக்கும். பால் போடுகிறவர் வழுக்கி விழுந்ததில் பாக்கெட்டுகள் உடைந்து பாதையெல்லாம் பால் ஓடியது.

செயலாளர் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, மருந்து அடிச்சியா, இல்ல மரத்தைக் குளிப்பாட்டுனியா?"

அவர் கோபத்தில் கேட்டது அப்படியே உண்மை. "மருந்து சரியில்ல சார்" என்று மாமா தலை குனிந்தார்.

"அடுத்த வருஷமும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குவோம்."

அன்று வீட்டுக்கு வந்தவர் அக்காவின் வயிற்றுக்கு நேராகக் குனிந்து, "உனக்காகத்தான் உங்கப்பன் இவ்வளவு திட்டு வாங்கியிருக்கான். வந்து நீயே பதில் சொல்லு" என்றார். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஏழாம் மாதம் ரத்தம் போனது. பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. அக்காவைப் பிழைக்க வைக்கக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏன் இப்படி ஆனது என்று கேட்டோம். சில பேருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. அத்தை ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தார். அவரைத் திட்டித் தீர்க்கலாமென்றால் அதற்கும் மனசு வரவில்லை.

மாமா வேலைக்குத் திரும்பியபோது மழை பெய்திருந்தது. பாதையோரம், பூப்பாத்தி, சாக்கடை விளிம்பு, எங்கு பார்த்தாலும் கன்றுகள். அத்தனையையும் பிடுங்க வேண்டும். நானும் கூடப் போனேன். ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினார். கூடை நிறைந்ததும் கொண்டுபோய்க் கொட்டக் கை வராமல் மோட்டார் ரூம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் கொட்டிவிட்டு வந்தேன்.

மறுவருஷமும் பூத்தது. மாமா பம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். அக்காவிடம் கேட்கவும் தயக்கம், கேட்காமல் போகவும் தயக்கம். "வேலை போனா போகட்டும், அவகிட்ட எப்படிக் கேப்பேன்?" என்றார் என்னிடம்.

அக்கா காதில் விழுந்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து வந்து மருந்து டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பூ விரிஞ்சுடுச்சுல்ல, போய் அடிங்க."

"உனக்கு..."

"இனிமே எனக்கு என்னங்க பயம்?"

அந்தப் பயம் அவளை விட்டுப் போகாதா என்று எத்தனை நாள் ஏங்கியவர் மாமா. டப்பாவைப் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அக்கா அழவில்லை. பம்பைக் குழாயடிக்கு இழுத்துப்போய், மருந்து கலக்க அவருக்காகத் தண்ணீர் பிடித்தாள்.