சர்க்கரை போட மறந்த குடுவை

அவளுக்கு உப்பக்கா என்று பேர் வைத்தது ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள். கடல் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? துறைமுகத்தில் படகு கட்டும் கயிற்றின் வழவழப்பைச் சுரண்டி வந்து, அதிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தவள் அவள். அது சுரக்கும் நொதி, துணியில் படிந்த ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரிலேயே கரைக்கும். சலவைத்தூள் கம்பெனிக்குக் கசக்குமா?

சின்னக் குடுவையில் சமர்த்தாகச் சுரந்த கிருமி, ஆளுயரத் தொட்டிக்கு மாற்றியதும் காலை வாரிவிட்டது. தொட்டி நிறையப் பெருகியது, நொதி மட்டும் பேருக்குத்தான். உப்பக்கா சர்க்கரையைக் கூட்டினாள். கிருமி இன்னும் கொழுத்தது, நொதி இன்னும் குறைந்தது. மறுபடியும் கூட்டினாள். சாப்பிடாத பிள்ளை எப்படி வேலை செய்யும் என்பது அவள் கட்சி. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"இன்னும் ஒரு தடவைதாம்மா தொட்டி தருவேன். அதுலயும் வரலைன்னா மூட்டை கட்டிடலாம்" என்றார் மேலாளர்.

மூட்டை கட்டினால் அவளுடைய ஒப்பந்த வேலையும் கூடவே போகும். வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்.

கடைசித் தொட்டிக்கு முன்னால் குடுவைகளில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, தொட்டிக்குப் போட்ட கணக்கிலேயே சர்க்கரையை எடைபோட்டு வைத்துவிட்டு, சோயா மாவும் உப்புத் தண்ணீரும் கலந்துகொண்டிருந்தபோது அம்மாவின் போன்.

"உன் தம்பி இன்னும் எழுந்திரிக்கலடி. சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டாங்கறான்."

"கொண்டு போய்க் குடுக்காதம்மா. பசிச்சா தானா எழுந்து வருவான், வேலையும் தேடுவான்."

"பசி தாங்கமாட்டான்டி, பாவம்."

"பாவம் நான்தான்" என்று போனை வைத்தவள், அந்தக் கடுப்பில் ஒரு குடுவைக்குச் சர்க்கரை போடவே மறந்துவிட்டாள்.

நொதியை அளக்க அவளிடம் ஒரு சுருக்குவழி உண்டு. பால் கலந்து உறையவைத்த வெள்ளைத் தட்டில் ஒரு துளி விட்டால், நொதி பாலைக் கரைத்துக் கண்ணாடிபோல ஒரு வட்டம் போடும். மற்ற குடுவைகளுக்கெல்லாம் பொட்டளவு வட்டம். ஒன்றுக்கு மட்டும் வளையல் அளவு. எந்தக் குடுவை என்று தேடப் போனால், அதற்காக எடைபோட்ட சர்க்கரை மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

"அடப்பாவி, நீயும் என் தம்பி மாதிரிதானா" என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாவைக் கரைத்துத் தின்னத்தானே நொதி? கட்டிலுக்கே சர்க்கரை வந்துவிட்டால் எதற்காகச் சுரக்க வேண்டும்?

தொட்டிக்கு ஆரம்பத்தில் சர்க்கரையே வேண்டாம் என்று அவள் சொன்னதும் மேலாளர் முகத்தைச் சுளித்தார். "பட்டினி கெடந்து செத்துப் போச்சுன்னா? இது கடைசித் தொட்டிம்மா."

"சாகாது சார். முதல்ல மாவைத் தின்னு பிழைக்கட்டும். அப்புறம் சர்க்கரையைச் சொட்டுச் சொட்டா விடலாம். இத்தனை நாள் அள்ளிக் கொட்டினது நான்தான். என் தப்பு."

தொட்டியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பழைய கொழுப்பில்லை, நீர்த்துக் கிடந்தது. கொஞ்சம் கூடுதலாக விட்டால்தான் என்ன என்று சர்க்கரை விடும் பம்பின் திருகுக்கு அவள் கை தானாகப் போனது. வெடுக்கென்று இழுத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அம்மா படும் பாடு அப்போதுதான் புரிந்தது.

தொட்டியை நிறுத்திய பிறகு, அதிலிருந்து ஒரு துளி விட்டிருந்த பால் தட்டை மேலாளர் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"வட்டம் எங்கம்மா? ஒண்ணையும் காணோமே."

"தட்டு முழுக்க வட்டம்தான் சார்."

அவர் தட்டுக்கு அடியில் விரலை நீட்டிப் பார்த்தார். நகம் வரை தெரிந்தது. "அடுத்த மாசமும் தொட்டி உனக்குத்தான்" என்றார்.

வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கையை அடக்கி உட்கார்ந்தது உட்பட. தம்பி கட்டிலில் படுத்தபடியே, "அப்ப உன் வேலையைக் காப்பாத்தினது நான்தான்" என்றான்.

"ஆமாடா, கோயில் கட்டறேன்."

தட்டோடு அவனிடம் போய்க்கொண்டிருந்த அம்மா பாதியில் நின்றாள். திரும்பி வந்து தட்டைச் சமையலறை மேசையில் வைத்தாள். "சாப்பாடு இங்க இருக்கு" என்று அவனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, நாற்காலியில் அமர்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. உப்பக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.