இருபத்தெட்டு என்று எழுதிய லென்ஸ்

யான் ஓயா ஆற்றுப் பாலத்தில் நான் ஏறியபோது வெயில் இடது கன்னத்தில் விழத் தொடங்கியிருந்தது. புல்மோட்டைச் சந்தியிலேயே பேருந்துக்கு நின்றிருக்கலாம். ஆனால் அங்கே தேத்தண்ணிக் கடைக்காரர் முதல் எல்லோருக்கும் நான் லென்ஸைப் போட்டு உடைத்தவன் என்று தெரியும். அதனால் நடந்தேன். பையில் இரண்டு சட்டை, உடுக்க ஒரு சாரம், சாரத்துக்குள் சுற்றிய லென்ஸ்.

புல்மோட்டையில் அன்வர் நானாவின் ஸ்டூடியோவில் சில மாதங்கள் பை சுமந்தேன். கலியாண மண்டபத்தின் வாசற்படியில் நின்றுதான் நானா குடும்பப் படம் எடுப்பார். அந்தப் படியில் நின்றால் மேடையில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் அடங்கும். பழைய கமரா செத்துப்போனதால் கொழும்பிலிருந்து புதிதாக ஒன்று எடுத்தார், சின்னது, எடையில்லாதது. லென்ஸ் பழையதே. போன ஞாயிறு அதே படி, அதே மேடை. படத்தில் மாப்பிள்ளையின் மாமாமார் ஒரு பக்கமும் பெண்ணின் சாச்சாமார் மறுபக்கமும் வெட்டுப்பட்டுப் போனார்கள். இன்னும் பின்னால் போக இடமில்லை, படிக்கு வெளியே பிரியாணிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று காலை நான் வான் வண்டியிலிருந்து இறங்கும்போது பையின் வார் அறுந்து மணலில் விழுந்ததை அவர் கண்டிருந்தார்.

“உள்ளுக்குக் கண்ணாடி நகந்திருக்கு. திருகோணமலைல திருத்திக்கிட்டு வா. இல்லாட்டி வராத” என்றார்.

உடைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதுதான் நடக்க நடக்க உறுத்தியது. உடைந்த கண்ணாடி மங்கும், இல்லையென்றால் கீறு விழும். இந்த லென்ஸ் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டியது, ஆனால் குறைவாகக் காட்டியது. இப்படி ஓர் உடைவை நான் எங்கும் கண்டதில்லை.

திரியாய்க்குக் கிட்ட பேருந்து வந்தது. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். இடையில் ஏறியவனிடமும் நடத்துநர் முழுத் தூரத்துக்கும் இருநூறு ரூபாய்க்கு மேல் எடுத்தார், நானும் வாதாடவில்லை. பக்கத்தில் கிண்ணியாவுக்குப் போகும் வலை வியாபாரி. விஷயத்தைக் கேட்டதும் லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உப்புக் காற்று உள்ளே போய் இறுகியிருக்கும் என்றார். குச்சவெளி தாண்டும்போது, இல்லை, கமராதான் லென்ஸோடு கோபம் என்றார். நிலாவெளியில் தூங்கிவிட்டார். எனக்கு அவர் சொன்ன இரண்டுமே சரிபோலத் தெரிந்தது.

திருகோணமலை பஸ் நிலையத்தில் மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. முதல் கடையில் லென்ஸை ஆட்டிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னார்கள். இரண்டாவது கடைக்காரர் பூஞ்சை என்றார். பூஞ்சை எங்கே என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையாம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உட்துறைமுக வீதியில் ரஞ்சினி அக்காவின் கடையைக் கண்டேன். அடையாள அட்டைப் படம் எடுப்பவர், வீடு லிங்கநகரில். அவரிடம் இரண்டு கமரா இருந்தன: ஒன்று பழைய பாரமானது, மற்றது நானாவுடையதைப் போலச் சின்னது. லென்ஸைப் பெரியதில் பூட்டினார். எதிர்ச் சுவரோரத்துக் கதவு, மணிக்கூடு, கலண்டர், ஆட்கள் உட்காரும் கதிரை எல்லாம் படத்தில் விழுந்தன. அதே இடத்தில் நின்று சின்னதில் பூட்டினார். மணிக்கூடும் கலண்டரும் மட்டும்.

“இதென்ன, பெரிய உடம்பில போட்டாச் சுகம், சின்ன உடம்பில போட்டா வருத்தம்?” என்றேன்.

அக்கா சிரித்தார். சின்னக் கமராவுக்கு ஒன்று தசம் ஆறால் பெருக்க வேண்டும் என்று வாங்கின இடத்தில் சொன்னார்களாம். எதைப் பெருக்குவது, ஏன் பெருக்குவது என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் இல்லாத நேரம். அக்கா லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தூசி தெரியுதா பார்ப்போம் என்று கதவைச் சாத்தி, யன்னல் பக்கம் அதைத் திருப்பினார். பின்னால், நாலு விரல் தூரத்துக்குள், மேசையில் கிடந்த வெள்ளைக் கடதாசியை நான் பிடித்தேன். அதில் துறைமுகம் விழுந்தது. தலைகீழாக, ஒரு சின்ன வட்டத்துக்குள்: நடுவில் கப்பல், இடதில் இறங்குதுறை, வலதில் மலை, மேலே தண்ணீர்.

அக்கா பாஸ்போட் படம் வெட்டிய துண்டு ஒன்றையும், முத்திரை அளவில் இன்னொரு துண்டையும் எடுத்தார். பெரிய துண்டைக் கிடையாக வட்டத்தின் நடுவில் பிடித்தால் கப்பல், இறங்குதுறை, மலை மூன்றும். முத்திரைத் துண்டைப் பிடித்தால் கப்பல் மட்டும். மற்ற இரண்டும் துண்டுக்கு வெளியே என் விரலில் விழுந்தன.

“கமராவுக்குள்ள இருக்கிற சென்சர் இந்தத் துண்டு மாதிரித்தான்” என்றார் அக்கா. “லென்ஸ் எறியிறதை எறியுது. ஏந்துற துண்டு சின்னனெண்டா அது என்ன செய்யும்?”

நான் கப்பலை அளந்து பார்த்தேன். இரண்டு துண்டிலும் ஒரே நீளம். பிறகு ஏன் சின்னக் கமராவின் படத்தில் எல்லாம் கிட்ட வந்ததுபோல் இருக்கிறது என்று கேட்டேன். அக்கா இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இரண்டு துண்டையும் ஒரே அளவுப் படமாகத்தானே பெருப்பிக்கிறோம், சின்னத் துண்டைக் கூடப் பெருப்பிக்க வேணும். லென்ஸில் எழுதிய இருபத்தெட்டை அந்த ஒன்று தசம் ஆறால் பெருக்கினால் நாற்பத்தைந்து, எண் கூடினால் படத்தில் அடங்குவது குறையும் என்று கணக்குப் போட்டார். எனக்குப் பாதி விளங்கியது. ஆனால் ஒன்று முழுதாக விளங்கியது: லென்ஸ் உடையவில்லை.

அங்கிருந்தே நானாவுக்குப் போன் எடுத்தேன்.

“லென்ஸுல இருபத்தெட்டெண்டுதானே போட்டிருக்கு” என்றார் நானா. “நம்பர் மாறாம படம் எப்பிடி மாறும்?”

“உங்கட கமராவில அது நாப்பத்தஞ்சு மாதிரி நானா. பழையபடி முழுச் சொந்தமும் அடங்கோணுமெண்டா பதினெட்டு எண்டு போட்ட லென்ஸ் வேணும்.”

“பதினெட்டு வாங்கினா இருபத்தெட்டா?”

“இருபத்தெட்டு மாதிரி.”

“அப்ப லென்ஸுல எழுதினவன் பொய்யனா?”

“இல்ல, அதுவும் சரி.”

அப்படியென்றால் கமரா விற்றவன்தான் ஏமாற்றிவிட்டான் என்றார் நானா. ஒருவரும் ஏமாற்றவில்லை, வருகிற வெள்ளிக்கிழமைக் கலியாணத்தில் ஆட்களை மூன்று வரிசையாக நெருக்கி நிறுத்துங்கள் என்றேன். அது அவருக்குப் பிடித்துக்கொண்டது. திரும்பி வரச் சொன்னார்.

“நான் உடைக்கேல்ல எண்டு சந்தியில சொல்லுவீங்களா நானா?”

“அதெல்லாம் சனம் மறந்துடும் தம்பி. நீ வா.”

நானா கெட்டவர் இல்லை. ஒரு கதையைப் பரப்ப ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். அதைத் திருப்பி எடுக்க வீடுவீடாய்ப் போக வேண்டும், அதற்கு அவர் புறப்பட மாட்டார். நான் திரும்பிப் போகவில்லை, லென்ஸை மட்டும் பழைய கடதாசியில் சுற்றி, நானாவின் பெயர் எழுதி, புல்மோட்டைப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிய சீனக்குடா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். படகுகளுக்கு ஐஸ் ஏற்ற ஆள் தேடுகிறார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். ஐஸ் மேற்பார்வைக்காரர் முன்பு என்ன வேலை, ஏன் விட்டாய் என்று கேட்டார். லென்ஸ், வட்டம், பாஸ்போட் துண்டு, முத்திரைத் துண்டு எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

“எனக்கு இந்தக் கதை விளங்க ஏலாது” என்றார். “நீ உடைச்சியா, உடைக்கேல்லையா?”

“உடைக்கேல்ல.”

“அவ்வளவுதானே” என்று ஐஸ் இழுக்கும் கொக்கியை நீட்டினார்.