பசுவின் மேல்வரிசைப் பல்

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலம். கொட்டாரம் என்ற ஊரை அடுத்த ஒரு பள்ளியில் நாலாம் ஃபாரத்துக்கு, இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு, உயிரியல் நடத்தினேன். செல், இலை, தவளை எல்லாம் எனக்கு அத்துப்படி. பசுவை மட்டும் காப்பியில் கலந்த நிலையிலேயே அறிவேன்.

பரீட்சையில், பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் எத்தனை என்று கேட்டேன். வகுப்பில் நான் சொல்லியிருந்த விடை எட்டு. ‘கிடையாது’ என்று எழுதிய செல்லம்மைக்குச் சுழி போட்டேன். அந்த ஒரு மார்க்கில் அவள் தோற்றாள்.

மறுநாள் விடைத்தாளோடு வந்து நின்றாள். “சாரே, எங்க வீட்டுல மூணு பசு உண்டு. ஒண்ணுக்கும் மேல முன்பல்லு கெடையாது.”

“மூணும் கெழடா இருக்கும்.”

“அப்பம் வேற பசுவப் பாப்பமா சாரே?”

பள்ளிக்குப் பின்னால் ஓர் இளம்பசு மேய்ந்துகொண்டிருந்தது. வகுப்பே வேடிக்கை பார்க்க, அவள் அதன் வாயைத் திறந்து பிடித்தாள். விரலால் துழாவினேன். மேலே வழவழவென்று ஈறுதான் இருந்தது. பசு என் கையை முழங்கைவரை நக்கியது. வகுப்பு சிரித்த சிரிப்பில், வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்துகொண்டேன். சேர்ந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

மார்க்கைத் திருத்தினேன்; செல்லம்மை தேறினாள். “எட்டுன்னு எழுதினவங்களுக்குக் கொறைக்கணுமே,” என்றேன்.

“வேண்டாம் சாரே. பாவம், எல்லாரும் ஒங்களயில்லா நம்பினாங்க.”

இப்போதும் கேள்வித்தாள் எழுதும்போது, விடை எனக்குத் தெரியுமா என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன். பல கேள்விகள் அதோடு நின்றுபோகின்றன.