உயரத்தை நம்பி முன் சீட்டில் உட்கார வைத்தேன்

என் மனைவி வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போன பிறகு, ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நானும் எங்கள் ஐந்து வயது மகள் செல்வியும் மட்டும்தான் இருக்கிறோம். நான் யாரோடும் அதிகம் பேசிப் பழகாதவன்.

செல்வி வயதுக்கு மீறிய உயரம். அதை அவள் அம்மாவுக்குக் காட்ட ஸ்டூடியோவில் படம் எடுத்து அனுப்பலாம் என்று, வாடகைக் காரில் நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம்.

"எட்டு வயசு இருக்குமாண்ணே? முன்னால ஒக்காரட்டும், ரோட்டைப் பாத்துக்கிட்டு வரும்" என்றார் டிரைவர்.

"அஞ்சுதாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். பெல்ட்டை மாட்டிவிட்டு நான் பின்னால் உட்கார்ந்தேன்.

ஒரு வளைவில் மாடு குறுக்கே வர, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். செல்வி சீட்டிலிருந்து கீழே வழுக்க, பெல்ட் அவள் கழுத்தை இறுக்கியது. அவளால் கத்தக்கூட முடியவில்லை. டிரைவர்தான் பாய்ந்து கழற்றினார். கார் மெதுவாக வந்ததால் கழுத்தில் ஒரு சிவப்புக் கோட்டோடு பிள்ளை தப்பினாள். படத்தில் அது தெரியாதிருக்கச் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிவிட்டேன்.

இப்போது நான் உயரத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை. பெல்ட் தோளில் படியாமல் கழுத்தில் உரசினால், அந்தச் சீட்டு பிள்ளைக்கு ஆகாது. எந்தக் காரிலும் அவளைப் பின்னால், பெல்ட் தோளில் படியும்படி உயர்த்தும் பிள்ளை சீட்டில், என் பக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறேன்.

அன்று திரும்பி வரும்போது, பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த செல்வி கேட்டாள்: "அம்மா வந்தா எங்க ஒக்காருவாங்கப்பா?"

நான் ஓரமாக நகர்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவே இடம் காட்டினேன்.